நான்கு நிமிடத் தாமதம்

அத்தியாயம் 5

“நாலு நிமிஷம் தாமதம்.”

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த முத்தையன் அப்படியே நின்றார். காரைக்கால் கோர்ட்டில் முப்பது வருடம் அமீனாவாக இருந்து ஊரில் பாதிப் பேர் கையில் சம்மனைத் திணித்தவர் அவர். ஓய்வுக்குப் பிறகு துப்பறியும் வேலை. அந்த முப்பது வருடத்தில் அவரை எப்படியெல்லாமோ திட்டியிருக்கிறார்கள். தாமதமாக வந்தார் என்று மட்டும் யாரும் திட்டியதில்லை.

“மூணு மணிக்கு வரச் சொன்னேன். மூணு நாலு ஆவுது” என்றார், கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த முகம்மது இப்ராஹிம் மரைக்காயர். எழுபத்து மூன்று வயது. முதுகு நாற்காலியில் படவில்லை. வலது கால் மட்டும் மடங்காமல் முன்னால் நீண்டிருந்தது.

“ஸ்கூட்டர்தான் மாமா காரணம்” என்றாள் நுஸ்ரத். “சார் ஏறினா அது சிவில் கேஸ் மாதிரி ஆயிடுது. நகரவே மாட்டேங்குது.”

நுஸ்ரத் முத்தையனின் உதவியாளர். இருபத்தாறு வயது, பி.சி.ஏ. பட்டம். கம்ப்யூட்டர் சங்கதி எல்லாம் அவள் பொறுப்பு. பேச்சும் பெரும்பாலும் அவள் பொறுப்புதான்.

“இது யாரு வூட்டுப் புள்ள?”

“ரஃபீக் மக, மாமா. எங்க வாப்பா கல்யாணத்துக்கு நீங்க வரலைன்னு வூட்டுல இன்னும் சொல்லிட்டிருக்காங்க.”

“கூப்பிடல. அதனால வரல” என்றார் மரைக்காயர். உட்காரச் சொல்லவில்லை. நோன்பு மாதம் என்பதால் தேநீர் என்ற பேச்சுக்கும் இடமில்லை. “வெளியாளைக் கூப்பிட்டுச் சொல்ற விஷயம் இல்ல இது. வேற வழியில்லாம கூப்பிட்டேன். கேட்டுக்கிட்டு வேலையைப் பாருங்க.”

ஊருக்கே தெரிந்த விஷயம்தான் அது. தெருப் பள்ளிவாசலுக்கு மரைக்காயர் தன் வாப்பா பெயரில் ஓர் எலெக்ட்ரானிக் பலகை வாங்கி மாட்டியிருந்தார். ஐந்து வேளைத் தொழுகைக்கும் அதுவே நேரம் காட்டும், அதுவே ஒலியெழுப்பும். பள்ளிவாசலின் இணையதளத்திலிருந்து அது நேரத்தை எடுத்துக்கொள்ளும். தொழுகைக்கு அழைக்கும் பாங்கைச் சொல்லும் மோதினார் இனி கையிலிருக்கும் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது, பலகையைத்தான் பார்க்க வேண்டும் என்று மரைக்காயர் ஜமாஅத்தில் தீர்மானமே போட வைத்தார்.

முதல் நோன்பன்று மாலை பலகை ஒலித்தது. மோதினார் பாங்கு சொன்னார். முந்நூறு பேர் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக் கஞ்சிக் கோப்பையைத் தூக்கினார்கள். நான்கு நிமிடம் கழித்து, பக்கத்துத் தெருப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னது.

சூரியன் மறையும் முன்பே நோன்பு திறந்தாகிவிட்டது. அந்த ஒரு நாள் நோன்பை முந்நூறு பேரும் இன்னொரு நாள் திரும்ப வைத்தாக வேண்டும். அன்று ராத்திரியே பலகையைக் கழற்றிவிட்டார்கள்.

“எங்க வாப்பா பேரு அதுல பித்தளையில வெட்டியிருக்கு” என்றார் மரைக்காயர். “அதைக் கழட்டி, மிச்சக் கஞ்சிச் சட்டியோட மூலையில வச்சிருக்கான் செயலாளர் இக்பால். பலகை வேணாம்னு முதல்லேருந்து சொன்னவன் அவன். நேரத்தைக் கணக்குப் போடுற அந்த இதுக்கு எழுதிக் கொடுத்தது மோதினார் மகன் தௌஹீத். இக்பால் சொல்லித்தான் அந்தப் பய கெடுத்திருக்கான். நாளைக்கு ஜும்மா முடிஞ்சு ஜமாஅத் கூடுது. அங்க நான் அதை நிரூபிக்கணும்.”

“நிரூபிச்சா?” என்றார் முத்தையன்.

“பய மன்னிப்புக் கேக்கணும். மோதினார் வேலையை வுட்டுப் போவணும்.”

“நிரூபிக்கலைன்னா?”

“அப்பவும் மோதினார் போவணும். பாங்கு சொன்னது அவருதானே? நிரூபிச்சா எங்க வாப்பா பேரு நிக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.”

உள்கட்டுக்குப் போகும் வாசலில் தொங்கிய திரை லேசாக அசைந்தது. பின்னாலிருந்து பெருமூச்சு போல ஒன்று. மரைக்காயர் திரும்பவில்லை.

“அந்த நேரக் கணக்கு ஃபைலை மாத்தச் சொல்லி தௌஹீத்கிட்ட வேற யாராவது சொன்னாங்களா?” முத்தையன் கேட்டார்.

“யாரும் சொல்லல. யாரு சொல்லுவா?”

சுவரில் பெண்டுலம் ஆடும் பெரிய கடிகாரம் ஒன்று இருந்தது. முத்தையன் அதை அண்ணாந்து பார்த்தார். மரைக்காயரின் முகத்தில் முதன்முறையாகச் சற்று இறுக்கம் தளர்ந்தது.

“சைகோன்லேருந்து எங்க வாப்பா கொண்டாந்தது. நான் பட்டினத்து ஆளு. கல்யாணம் ஆகி இந்த வூட்டுக்கு மாப்பிள்ளையா வந்து நாப்பத்தெட்டு வருஷம். எங்க வழக்கம் தெரியும்ல? வூடு பொம்பளைப் புள்ளைக்கு. இந்த வூட்டுல தூணு, கதவு, கிணறு எல்லாம் எம் பொஞ்சாதி ஆஸியா பீவியோடது. எங்க வாப்பா வூட்டுலேருந்து வந்தது அது ஒண்ணுதான். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நானே சாவி குடுக்குறேன். ஒரு நிமிஷம் பிசகுனதில்ல.”

“போன் வச்சுக்கலையா மாமா?” என்றாள் நுஸ்ரத்.

“எதுக்கு?”



*

பள்ளிவாசல் அலுவலகத்தில் இக்பால் அவர்களை நிற்க வைத்தே பேசினார்.

“மரைக்காயர் அனுப்பிச்சாரா? வாங்க அமீனா சார். இப்ப யார் வூட்டை ஜப்தி பண்ணப் போறீங்க?”

“கம்ப்யூட்டரைக் கொஞ்சம் பார்க்கணும்.”

“பாருங்க. நல்லாப் பாருங்க. நான் அந்த மெஷினைத் தொட்டதுகூட இல்ல. மாட்டுறப்பவே வேணாம்னு சொன்னேன். கேட்டாரா? மனுஷன் பாங்கு சொல்றதுக்கு மெஷின் எதுக்குன்னு கேட்டதுக்கு, உனக்குப் பொறாமைன்னாரு, முந்நூறு பேர் முன்னாடி.”

நுஸ்ரத் அதற்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். தௌஹீத் கொடுத்துவிட்டுப் போன கடவுச்சொல் மேசை மேல் ஒட்டியிருந்தது.

“சார், பாடம் நடத்தட்டுமா?”

“சுருக்கமா.”

“இந்தத் தளத்துல வக்து, அதான் தொழுகை நேரம், கணக்குப் போட ஒரு ப்ளகின் இருக்கு. ப்ளகின்னா நம்ம பண்டாரி மாதிரி. கல்யாண வூட்டுக்கு வெளியூர்லேருந்து வருவாரு, பிரியாணி ஆக்கத் தெரியும். ஆனா எந்த ஊரு, எத்தனை பேரு, காரம் கூட்டவா குறைக்கவான்னு நாமதான் சீட்டு எழுதிக் குடுக்கணும். அந்தச் சீட்டுக்குப் பேருதான் கான்ஃபிக் ஃபைல். சீட்டுல என்ன இருக்கோ அதைத்தான் ஆக்குவாரு. உப்பு நாலு படின்னு எழுதியிருந்தா நாலு படி போட்டுட்டு நிம்மதியா வெத்திலை போடப் போயிடுவாரு.”

“சரி. சீட்டுல என்ன இருக்கு?”

“முதல்ல ஊரு. காரைக்காலோட அட்சரேகை, தீர்க்கரேகை. சரியா இருக்கு. அப்புறம் கணக்கு முறை. அதுவும் சரி. கடைசியில அஞ்சு வரி. ஒவ்வொரு வக்துக்கும் எத்தனை நிமிஷம் கூட்டணும், கழிக்கணும்னு. வழக்கமா எல்லாம் பூஜ்யமா இருக்கும்.” அவள் திரையைத் திருப்பினாள். “இங்க பாருங்க. கழித்தல் நாலு. கழித்தல் நாலு. அஞ்சுக்கும் அதேதான்.”

முத்தையன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அந்த ஐந்து வரிகளையும் வரிசையாகப் படித்தார். பிறகு மறுபடியும் ஒரு தடவை.

“எப்ப எழுதினது?”

“முதல் நோன்புக்கு முந்தின நாள் சாயங்காலம். தௌஹீத்தோட பேருலதான் பதிவாகியிருக்கு. அப்ப அவன் சென்னையில வேலையில இருந்தான். அங்கேருந்தே எழுதியிருக்கான்.”

“நுஸ்ரத், நீ இந்த ஊர் நோன்பைக் கெடுக்கணும்னு நினைச்சா என்ன பண்ணுவே?”

“அஸ்தக்ஃபிருல்லாஹ்! நோன்பு வச்சிருக்கேன் சார், இப்பவா கேப்பீங்க?” என்றவள் ஒரு கணம் யோசித்தாள். “மஃரிபை மட்டும் மாத்துவேன். நோன்பு திறக்கிறது அதுலதானே.”

“மத்தியானத் தொழுகையை?”

“அதை மாத்தி என்ன ஆவப்போவுது? வேலை மெனக்கெட்டு...” அவள் பேச்சு நின்றது. “ஆமா. அஞ்சையும் எதுக்கு மாத்தினான்?”

“காலையில நாலு நிமிஷம் முன்னாடி சாப்பாட்டை நிறுத்தினா நோன்பு கெடாது. அதனால யாருக்கும் தெரியல. மாலையிலதான் வெடிச்சுது. கெடுக்கணும்னு வந்தவன் இவ்வளவு நியாயமா எல்லாத்தையும் ஒரே அளவு மாத்த மாட்டான். இது கெடுத்தவன் கணக்கு இல்ல. எதையோ திருத்தினவன் கணக்கு.”

இக்பால் மேசையில் ஊன்றியிருந்த கையை எடுத்தார். “அப்ப நான் இல்லைன்னு சொல்றீங்களா?”

“அதை நான் இன்னும் சொல்லல.”

“எப்ப சொல்லுவீங்க?”

“அந்த நாலு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சதும்.”

“நாலா?” இக்பால் கசப்பாகச் சிரித்தார். அலமாரியைத் திறந்து ஒரு நீள நோட்டை எடுத்து மேசையில் போட்டார். “அது இந்தப் பள்ளிக்குப் புதுசு இல்லையே. புகார்ப் புத்தகம். படிங்க. ஒரே ஆளு, ஒரே கையெழுத்து.”

பக்கத்துக்குப் பக்கம் மரைக்காயரின் திருத்தமான எழுத்து. ‘மோதினார் இன்று பாங்கு சொன்னது நான்கு நிமிடம் தாமதம்.’ ‘மோதினார் நான்கு நிமிடம் தாமதம். கண்டிக்கவும்.’ ‘பலமுறை சொல்லியும் நான்கு நிமிடம் தாமதம். இப்படிப்பட்டவர் தேவையா?’

“இதுக்காகத்தான் பலகையே வாங்கினாரு” என்றார் இக்பால். “இருபத்திரண்டு வருஷமா பாங்கு சொல்ற மனுஷனுக்கு நேரம் கத்துக்குடுக்க.”

முத்தையன் முதல் புகாரின் தேதியைத் தேடிப் பார்த்தார். ஒன்றரை வருடத்துக்கு முந்திய தேதி. அதற்கு முன்னால் மரைக்காயரின் பெயரில் ஒரு வரிகூட இல்லை.

“சார்” என்றாள் நுஸ்ரத் மெதுவாக. “அந்த அஞ்சு வரிக்கு மேல பாருங்க. சும்மா ஒரு குறி இருக்கு, ரெண்டு குறுக்குக்கோடும் ரெண்டு நெடுக்குக்கோடும். அந்தக் குறி போட்ட வரியை ப்ளகின் படிக்காது. பின்னாடி வந்து பாக்குற மனுஷங்களுக்காக, எதுக்கு மாத்தினேன்னு எழுதி வைக்கிறது. நல்லா வேலை தெரிஞ்சவங்க எழுதுவாங்க.”

“என்ன எழுதியிருக்கு?”

“ஒண்ணுமில்ல. குறி மட்டும் நிக்குது. எழுதினதை அழிச்சிருக்கான். முதல் நோன்புக்கு மறுநாள் காலையில.”

*

மோதினாரின் வீடு பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த சந்தில், இரண்டு அறை. கதவைத் திறந்த தௌஹீத் அவர்களைப் பார்த்ததும் மூடப்போனான். முத்தையனின் செருப்பு முனை கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஏற்கனவே போயிருந்தது. பழைய தொழில் பழக்கம்.

“வாப்பா பள்ளியில இருக்காங்க. அப்புறம் வாங்க.”

“உன்னைத்தான் பாக்கணும் தம்பி.”

“நான்தான் பண்ணேன். போதுமா? போய்ச் சொல்லுங்க மரைக்காயர்கிட்ட.” இருபத்து நான்கு வயது. கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. “நாளைக்கு மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடுறேன்.”

“மன்னிப்பு நீ கேப்பே. வேலை உங்க வாப்பாவுக்குல்ல போவுது?” என்றாள் நுஸ்ரத்.

தௌஹீத் கதவைத் தள்ளுவதை நிறுத்தினான்.

“இக்பால் சொல்லி எழுதினியா?” முத்தையன் கேட்டார்.

“இல்ல.”

“வேற யாரு?”

“யாருமில்ல. நானாத்தான்.”

“நீயா எழுதினவன் ஏன்டா நாலு போட்டே?” என்றாள் நுஸ்ரத். “அஞ்சு போட்டிருந்தா அம்சமா இருந்திருக்கும்ல? பொய் சொல்றவன் எவனும் நாலுன்னு சொல்ல மாட்டான். அஞ்சு, பத்துன்னு ரவுண்டாத்தான் சொல்லுவான். நாலுங்கறது யாரோ அளந்து சொன்ன கணக்கு.”

“லாத்தா, விட்டுடுங்க” என்று அக்காவிடம் போலக் கெஞ்சினான்.

“அந்தக் குறிக்குப் பக்கத்துல என்ன எழுதியிருந்தே?”

“மெஷின் படிக்காத வரி அது. நீங்களும் படிக்க வேணாம்.”

முத்தையன் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஓடு புதிதாக மாற்றியிருந்தது. சுவருக்குச் சமீபத்தில் வெள்ளையடித்திருந்தது.

“இந்த வீடு யாரோடது?”

பையனின் தாடை இறுகியது. “ஆஸியா பீவி மாமியோடது. இருபத்திரண்டு வருஷமா வாடகைன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. எங்க உம்மா மௌத்தானப்ப நாப்பது நாள் அங்கேருந்துதான் சோறு வந்துச்சு. இப்ப புரியுதா? அந்த வூட்டுப் பேரை ஜமாஅத்துல இழுக்காதேன்னு வாப்பா எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க. நானும் இழுக்கல. நீங்களும்...” சொல்லி முடிக்கும் முன்பே, சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவனுக்கே தெரிந்துவிட்டது.

முத்தையன் செருப்பைப் பின்னால் எடுத்துக்கொண்டார். கதவு ஓங்கிச் சாத்தப்பட்டது.

சந்து முனையில் அவர் நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நுஸ்ரத், உன் போன்ல மணி என்ன?”

“அஞ்சு அம்பத்திரெண்டு.”

“என் வாட்ச்லயும் அஞ்சு அம்பத்திரெண்டு. மத்தியானம் மரைக்காயர் வாசல்ல நின்னப்ப மூணு அடிச்சு ஒரு விநாடிகூட ஆகல. எனக்கு நல்லாத் தெரியும்.”

“அப்ப ஸ்கூட்டர் மேல நான் சொன்னது அபாண்டமா?”

“மோதினார் நாலு நிமிஷம் தாமதம். சரி, மனுஷன். பலகை நாலு நிமிஷம் தாமதம்னு யாரோ சொல்லி, பையன் நாலு கழிச்சிருக்கான். சரி, மெஷின். இன்னிக்கு நானும் நாலு நிமிஷம் தாமதம். மூணு பேரும் சொல்லிவச்ச மாதிரி ஒரே அளவு தாமதமா வருவோமா?”

நுஸ்ரத் ஸ்கூட்டரைத் தட்டிக்கொடுத்தாள். “மன்னிச்சுக்கப்பா” என்றாள்.

*

“தாங்கள் மறுபடியும் வருவதாகச் சொல்லவில்லையே” என்றார் மரைக்காயர். கோபம் ஏறினால் அவருக்குப் பேச்சு எழுத்துத் தமிழாகிவிடும் போலிருந்தது.

கூடத்தில் பாய் விரித்து நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் கஞ்சியும் வைத்திருந்தது. முதல் நோன்புக்குப் பிறகு அவர் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. கால் கழுவிவந்த ஈரத்தோடு நின்றுகொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறு பதினெட்டு.

“ஒரே ஒரு கேள்வி” என்றார் முத்தையன். “நோன்புக்கு முந்தின நாள் தௌஹீத்துக்குப் போன் பண்ணி, பலகை நாலு நிமிஷம் பின்னாடி போவுதுன்னு சொன்னது நீங்கதானே?”

“ஆமாம், எம் பொஞ்சாதி போனை வாங்கிப் பேசினேன். அதுக்கென்ன?”

“மாத்தச் சொல்லி யாரும் சொல்லலைன்னு மத்தியானம் சொன்னீங்க.”

“மாத்தச் சொல்லல. சரி பண்ணச் சொன்னேன்! பாங்கு ஒலி இங்க வரைக்கும் கேக்கும். பலகை அடிக்கிறப்ப என் கடிகாரத்துல நாலு நிமிஷம் தாண்டியிருந்துச்சு. தப்பை சரி பண்ணுன்னு சொல்றதும் கெடுக்கச் சொல்றதும் ஒண்ணா? எங்கிட்டயே வந்து...”

“பையன் சென்னையில இருந்தான். நேர்ல வந்து பாக்க முடியல. பலகைக்கு உள்ள இருக்கிற கடிகாரம் மெதுவா ஓடுது போலன்னு நினைச்சு, அதுக்குச் சரிக்கட்ட நாலு கழிச்சிருக்கான். ஊர்ல மரைக்காயர் வீட்டுக் கடிகாரம்னா சந்தேகப்படவே யாருக்கும் தோணாது. அவனுக்கும் தோணல.”

மரைக்காயரின் முகம் கறுத்தது. “என்ன சொல்ல வர்றீங்க?”

“இன்னும் அஞ்சு நிமிஷம் காத்திருப்போம். இன்னிக்கு மஃரிப் ஆறு பத்தொன்பதுக்கு.”

“காத்திருக்கறதுக்கு இது என்ன ரயில்வே ஸ்டேஷனா? எழுந்து போங்க வெளியில!”

“நாங்க நின்னுட்டுதான் இருக்கோம் மாமா” என்றாள் நுஸ்ரத். “நீங்க உட்காரவே சொல்லல.”

கடிகாரத்தில் ஆறு பத்தொன்பது ஆனது. மரைக்காயர் ஜன்னல் பக்கம் காதைத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. ஆறு இருபது. ஆறு இருபத்தொன்று. “பாத்தீங்களா?” என்று சீறினார். “பலகையைக் கழட்டினதும் மோதினார் பழையபடி தாமதம்.”

ஆறு இருபத்து மூன்றுக்குத் தெருப் பள்ளிவாசலில் பாங்கு எழுந்தது. அதே கணத்தில் பக்கத்துத் தெருவிலும். அதற்கடுத்து ஆற்றுப் பக்கமிருந்து ஒன்று, கடைத்தெருப் பக்கமிருந்து ஒன்று. எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக ஒலித்தன.

நுஸ்ரத் தன் போனைப் பாய் மேல் வைத்தாள். ஆறு பத்தொன்பது.

மரைக்காயர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைப் பார்த்துப் பிள்ளை ஒருவன் கை நீட்டிப் பேசியதைப் போல.

“அது பிசகாது” என்றார். “அறுபது வருஷமாப் பாக்குறேன். அதுவாப் பிசகாது.”

“அதுவாப் பிசகல” என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். “நான்தான் பிசகவச்சேன்.”

ஆஸியா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தார். கையில் தண்ணீர்க் குவளை. அதை முதலில் கணவர் முன்னால் வைத்தார். “நோன்பு திறங்க. அப்புறம் திட்டுங்க.”

மரைக்காயர் குவளையைத் தொடவில்லை. நுஸ்ரத்தின் கையில் ஒரு பேரீச்சம்பழத்தைத் திணித்துவிட்டு அந்த அம்மாள் முத்தையனைப் பார்த்தார்.

“தம்பி, இவங்க முட்டிக்கு ஆபரேஷன் பண்ணி ஒண்ணரை வருஷம் ஆவுது. அதுவரைக்கும் பள்ளியில முதல் வரிசையில நிப்பாங்க. பட்டினத்துல இவங்க வாப்பாவும் அப்படித்தான். ஆபரேஷனுக்கப்புறம் நடை குறைஞ்சு போச்சு. போய்ச் சேர்றதுக்குள்ள மூணாவது வரிசை. முதல் நாள் திரும்பி வந்தவங்க சாப்பிடல. ரெண்டாம் நாளும் சாப்பிடல. கைத்தடி வச்சுக்கங்கன்னேன். முன்னாடியே கிளம்புங்கன்னேன். காது குடுக்கல. மூணாம் நாள் முக்காலியைப் போட்டு ஏறி, முள்ளைத் தள்ளிவச்சேன். நாலு நிமிஷம். அவங்க காலுக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்துச்சு.” “அதுக்கப்புறம் முதல் வரிசைதான். மோதினார் மேல புகாரா எழுதி எழுதித் தள்ளினாங்க. போய் அவரு வூட்டுல நான் மன்னிப்புக் கேட்டேன். அவரு சிரிச்சாரு. பெரியவர் முதல் வரிசையில நிக்கட்டும் தாயி, என்னைத் திட்டினா திட்டிட்டுப் போறாருன்னாரு. பலகைக்கும் போன் போட்டு இப்படிச் சொல்லுவாங்கன்னு நான் நினைக்கல. முதல் நோன்பு அன்னிக்கு ராத்திரிதான் புரிஞ்சுது. அன்னிலேருந்து வாயைத் திறக்க முடியாம கிடக்கேன்.”

“மோதினாருக்குத் தெரியுமா?” மரைக்காயரின் குரல் சன்னமாக வந்தது. “ஒண்ணரை வருஷமாவா?”

“தெரியும்.”

நோட்டு நிறையத் தான் எழுதிய வரிகளை அவர் மனத்துக்குள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். கால் தாளாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் முதுகு சாயவில்லை.

முத்தையன் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். “என் அறிக்கை. ஒரே பக்கம். என்னை நியமிச்சது நீங்க. அதனால உங்க கையில குடுத்துட்டு நான் போயிடுவேன். நாளைக்கு ஜமாஅத்துல இதைப் படிக்கிறதும் கிழிக்கிறதும் உங்க இஷ்டம். கிழிச்சா, மோதினார் வாயைத் திறக்க மாட்டாரு. பையனும் திறக்க மாட்டான். சத்தியம் பண்ணியிருக்கான்.”

“மிரட்டுறீங்களா?”

“இல்ல. சம்மன் குடுக்கிறவன் தாளைக் கையில வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம போகணும். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது.”

மரைக்காயர் தாளை வாங்கினார். கைதூரத்தில் நீட்டிப் பிடித்துப் படித்தார். குவளையை எடுத்து மூன்று மடக்குக் குடித்து நோன்பு திறந்தார்.

“ஏ புள்ள. அந்த ஃபைலை இங்கேருந்து திறக்க முடியுமா?”

“முடியும் மாமா.” நுஸ்ரத் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள். “நாலை அழிச்சுப் பூஜ்யம் போட்டுடவா?”

“அது பண்ணு. அந்தப் பய என்னமோ எழுதி அழிச்சான்னு உங்க அமீனா தாள்ல எழுதியிருக்காரே, அந்த வரி இருக்கா?”

“இருக்கு மாமா.” நுஸ்ரத் திரையைப் பார்த்தாள். “குறி மட்டும் நிக்குது. பக்கத்துல வெறும் இடம்.”

“எழுது. ‘முகம்மது இப்ராஹிம் மரைக்காயர் சொற்படி, அவர் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்து மாற்றியது. கடிகாரம் தவறு. அதற்குச் சாவி கொடுப்பவர் அவரே. எழுதியவன் மீதும் பாங்கு சொன்னவர் மீதும் குற்றமில்லை.’ எழுதிட்டியா?”

“நான் முள்ளைத் தள்ளினது...” என்று ஆரம்பித்தார் ஆஸியா பீவி.

“வூட்டுப் பொம்பளை பேரு ஜமாஅத்துக்குப் போறது எங்க வாப்பா குடும்பத்துல வழக்கமில்ல. என் கடிகாரம். என் தப்பு. பேசாம இரு.”

நுஸ்ரத்தின் விரல்கள் நின்றன. “மாமா, ஒண்ணு சொல்லிடறேன். இந்த வரியை ப்ளகின் படிக்காது. நேரம் எதுவும் இதனால மாறாது.”

“மெஷின் படிக்க வேணாம். நாளைக்கு ஜும்மா முடிஞ்சு நான் எழுந்து நின்னு படிப்பேன். அச்சடிச்சு எடுத்துட்டு வா. எழுத்து பெரிசா இருக்கணும், கண்ணாடி போட்டுப் படிக்க மாட்டேன்.”

ஆஸியா பீவி கடிகாரத்துக்கு அடியில் முக்காலியை நகர்த்தினார். “நாலு நிமிஷம் பின்னாடி தள்ளிடவா?”

மரைக்காயர் தன் வலது காலைப் பார்த்தார்.

“வேணாம்” என்றார். “கால் அதே கால்தானே.”

வாசல் வரை யாரும் வழியனுப்ப வரவில்லை. முத்தையன் செருப்பில் காலை நுழைத்தபோது உள்ளிருந்து அதட்டல் வந்தது.

“நாளைக்கு ஜும்மாவுக்கு முன்னாடி, பன்னெண்டு மணிக்கு அந்தத் தாளோட இங்க இருக்கணும். இன்னிக்கு மாதிரி தாமதமா வந்து நிக்கக் கூடாது!”

நுஸ்ரத் திரும்பிப் பார்த்தாள்.

“எந்தக் கடிகாரப்படி மாமா?”